வேன் மிஸ்ஸிங் அடித்த மூன்று மாதம்



"சார் எப்படி இருக்காங்க டீச்சர், வண்டி சரியாயிட்டா?" என்று இந்த ஒரு மாதத்தில் போனில் கேட்காதவர்கள் குறைவு. ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். சார் நன்றாக இருக்கிறார். வண்டியும் சரியாகிவிட்டது. எப்படிச் சரியானது என்பது கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கினவர்களுக்கு இங்கேயும் அதே அனுமதி உண்டு.

எங்களிடம் இருப்பது பதினோரு வருஷத்துப் பழைய பெட்ரோல் வேன். முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் வகை. சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சினைப் பார்க்க முடியும். வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். தென்காசியிலிருந்து காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினால் பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக ஆறு மணிக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருக்கலாம். நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். அந்த மெஷினுக்கு அடுத்த ஆள் பத்தரைக்கு வந்து காத்திருப்பார். ஆக, நாம் தாமதமாகப் போனால் நம் நேரம்தான் குறையும்.

வண்டி ஓட்டுவது என் தம்பி. முப்பது வருஷம் லாரி ஓட்டினவன். டீசல் எஞ்சினில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ஆனால் டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது, நெருப்புப் பொறி வைத்துக் கொளுத்தும் வேலையே இல்லை. அதனால் பெட்ரோல் வண்டி மிஸ்ஸிங் அடித்தபோது அவனும் கொஞ்சம் திணறித்தான் போனான்.

முதலில் சித்திரையில் வந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இரண்டு தடவை விக்கியது. பின்னாலிருந்து பிடரியில் தட்டியது மாதிரி ஒரு துள்ளல். பாலம் இறங்கியதும் சரியாகிவிட்டது. நாலு நாள் ஒன்றுமில்லை. பிறகு ஆலங்குளம் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது மறுபடி அதே விக்கல். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது, அணைந்தது.

ஒர்க் ஷாப்பில் நாலு பிளக்கையும் மாற்றினார்கள், 1,200 ரூபாய். இரண்டு நடை நன்றாகப் போனோம். மூன்றாவது நடையில் திரும்பி வந்தது. வேறொரு இடத்தில் பெட்ரோல் பம்ப் வீக், இன்ஜெக்டரைக் கிளீன் பண்ண வேண்டும், 9,500 ஆகும் என்றார்கள். இன்னொருத்தர் எஞ்சினை இறக்கியே பார்க்க வேண்டும் என்றார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா, எல்லாம் அதனால்தான் என்று பக்கத்து வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை எல்லோரும் சொன்னார்கள். அப்படியானால் நாலு சிலிண்டருக்கும் ஒரே பெட்ரோல்தானே போகிறது, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் எத்தனாலுக்குக் கோபம் வருமா என்று கேட்டால் பதில் இல்லை.

வண்டியை விற்றுவிட்டு டாக்ஸி வைத்துக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. போய்வர, காத்திருக்க, ஒரு நடைக்கு 2,200 ரூபாய் கேட்டார்கள். மாதம் பதின்மூன்று நடை. பெருக்கிப் பாருங்கள். 28,600. மருந்துச் செலவு தனி.

இதில் பெரிய கொடுமை, மெக்கானிக் முன்னால் அந்த வண்டி காட்டும் சமர்த்து. மெக்கானிக் தனியாக இலஞ்சி வரை ஓட்டிவிட்டு வந்து "ஒண்ணுமில்லையே டீச்சர், ஜம்முன்னு போகுது" என்பார். தம்பி தனியாகச் செங்கோட்டை வரை அழுத்தி ஓட்டிப் பார்ப்பான். ஒரு விக்கல் கிடையாது. வகுப்பில் முழுக்கச் சேட்டை செய்துவிட்டு, இன்ஸ்பெக்ஷனுக்கு ஏ.இ.ஓ. வந்ததும் கைகட்டி உட்காருமே சில பிள்ளைகள், அந்த மாதிரி. (யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.)

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆலங்குளத்துக்கு முன்னாலேயே விக்கல் தொடங்கி, விளக்கு விடாமல் சிமிட்டியது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகக் கொண்டுபோய்க் காட்டலாம், விட்டுவிட்டு எரிந்தால் மேற்கொண்டு அழுத்தி ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைப் பொசுக்கிவிடும். தம்பி ஓரங்கட்டினான். இருட்டில், தூறலில், அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, அந்த வழியாக வந்த ஒரு காய்கறி வண்டிக்காரர் புண்ணியத்தில் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். நாலு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம்தான் கிடைத்தது. எடுக்க வேண்டிய நீர் முழுவதும் எடுக்க முடியவில்லை. அன்று இரவு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் விடிய விடிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். "நீ போய்ப் படு" என்று நாலைந்து தடவை சொன்னார். மறுநாள் காலை அவசரமாகக் கொண்டுபோய் மறுபடி மெஷினில் போட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அலமாரியிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். தேதி, இடம், மணி, மழையா வெயிலா, எந்த கியர், ஏற்றமா சமமா, ஏ.சி. உண்டா இல்லையா, பெட்ரோல் எப்போது போட்டது, வண்டியில் யார் யார், எங்கே உட்கார்ந்தார்கள். கட்டம் போட்டு வைத்தேன். தம்பி பார்த்துவிட்டு, "என்னக்கா, வண்டிக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கியா?" என்றான். ஆமாலே, வராத நாளையும் குறித்தால்தான் வந்த நாளுக்கு அர்த்தம் தெரியும் என்றேன்.

இதற்கிடையில் சென்னையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் விஷயம் கேள்விப்பட்டு, தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர் வாங்கி அனுப்பிவைத்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கென்று ஒரு பொந்து இருக்கிறது. அதில் சொருகினால் வண்டியின் கம்ப்யூட்டர் மனதில் வைத்திருப்பதை நம் போனில் காட்டும். எங்கள் வண்டி காட்டியது: பி-0303. முதலில் வரும் 03 என்பது மிஸ்ஸிங் வகை. கடைசி எண்தான் முக்கியம். அது சிலிண்டர் நம்பர். பி-0300 என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி வருகிறது என்று பொருள். எங்களுக்கு எப்போதும் மூன்றாம் நம்பர்தான்.

கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரிகிறது என்று எனக்கு ஆச்சரியம். படித்துப் பார்த்தேன். சிலிண்டருக்குள் நெருப்பு எரிகிறதா என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. எஞ்சின் சுற்றும் வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். எரியாதபோது அந்த இடத்தில் சுற்று ஒரு நூல் தளரும். எந்த இடத்தில் தளர்ந்தது என்பதை வைத்து எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடுகிறது. முப்பது பிள்ளைகள் ஒன்றாக வாய்ப்பாடு சொல்லும்போது ஒரு பிள்ளை வாயை மட்டும் அசைத்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும் டீச்சருக்குத் தெரிவதில்லையா, அதேதான்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்பதால், ஒரு சிலிண்டரில் நிமிஷத்துக்கு 1,200 பொறி. நொடிக்கு 20. அரை நொடி பொறி நின்றால் பத்துத் தள்ளு போச்சு. மூன்று மாடு இழுக்கிற வண்டியில் நாலாவது மாடு பின்னால் இழுத்த கதை. அதுதான் அந்தத் துள்ளல்.

மூன்றாம் நம்பர் என்று தெரிந்தால் போதாது, மூன்றாம் நம்பரில் எது என்று தெரிய வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் வர வேண்டும், உள்ளே அழுத்தம் இருக்க வேண்டும், சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். இதில் ஏதோ ஒன்று அப்பப்போது தவறுகிறது. எங்கள் வண்டியில் ஒவ்வொரு பிளக்குக்கு மேலும் ஒரு காயில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிப் பொறி தெறிக்க வைப்பது அதுதான். மெக்கானிக்கிடம், மூன்றாவது காயிலை எடுத்து ஒன்றாவது இடத்திலும், ஒன்றாவதை மூன்றாவது இடத்திலும் போடச் சொன்னேன். புதுசு வாங்க வேண்டாம், இடம் மட்டும் மாற்றினால் போதும். காயில் கெட்டிருந்தால் அடுத்த தடவை பி-0301 என்று வர வேண்டும். சேட்டை பையனுடையதா பெஞ்சினுடையதா என்று பார்க்க அவனை இடம் மாற்றி உட்கார வைக்கிற வேலைதான் இதுவும்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திப் போட்ருவோம். அத்தான் பாடு படுதாவ." அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றி, ஒரு வாரம் வராமல் இருந்தால், எது சரியானது என்று தெரியாது. சரியானதா, சும்மா ஓய்ந்திருக்கிறதா என்றும் தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றுதான் என்று பிடிவாதமாக நின்றேன். அதுவரை வியாழக்கிழமை நடந்தது மறுபடி நடக்காமலிருக்க, நாலே முக்காலுக்குப் பதில் நாலு மணிக்கே கிளம்பினோம். ஒரு ஆட்டோக்காரர் நம்பரும் கையில் இருந்தது.

இரண்டு நடை கழித்து வந்தது. பி-0303. காயில் மேல் தப்பில்லை. அடுத்து மூன்றாவது பிளக்கையும் நாலாவது பிளக்கையும் மாற்றினோம். மறுபடி பி-0303. இன்ஜெக்டரை இடம் மாற்றினோம். அதே. அழுத்தம் பார்க்கும் மீட்டரை வைத்து நாலு சிலிண்டரையும் பார்த்தார், நாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எஞ்சினை இறக்க வேண்டிய பேச்சு அத்தோடு முடிந்தது. இதற்கெல்லாம் ஐந்து வாரம் போய்விட்டது.

அந்த ஐந்து வாரமும் நோட்டு நிரம்பிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் நடக்கும் நாலு மணி நேரமும் வெளியே வராந்தாவில் எனக்கு வேறு வேலை இல்லை. ஒருநாள் முழுவதும் கூட்டிப் பார்த்தேன். பதினாறு நாள் போய் வந்திருக்கிறோம். போகும்போது பதினொரு தடவை விக்கியிருக்கிறது. வரும்போது ஒரு தடவைகூட இல்லை. எல்லோரும் சாரலைச் சொன்னார்களே, பதினொன்றில் ஆறுதான் மழையில். ஐந்து தடவை தரை காய்ந்து கிடந்திருக்கிறது. சரி, போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, அதனாலா என்று பார்த்தால், ஒரு மணி நேரம் ஓடி நன்றாகச் சூடான பிறகு மேம்பாலத்தில்தான் பாதித் தடவை வந்திருக்கிறது. ஏ.சி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்ரோல் பங்குக்கும் சம்பந்தமில்லை. ஏற்றம், பெரிய கியர், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது என்பது மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது. ஆனால் வரும்போதும் ஏற்றம் உண்டு, அழுத்தவும் செய்கிறான்.

கடையநல்லூர் கல்யாணத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை வரிதான் இடித்தது. அன்றைக்கு மட்டும் போகும்போதும் விக்கியது, வரும்போதும் விக்கியது. அந்த வரியைக் குறுக்கே படித்துக்கொண்டே போனேன். கடைசிக் கட்டத்தில் "முன்சீட்: பெரிய மதினி (போக, வர)" என்று எழுதியிருந்தது.

மேலே உள்ள பதினாறு நாளையும் பார்த்தேன். போகும்போது தம்பிக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுக்க நான் முன்சீட்டில் இருப்பேன். அவர் நடுசீட்டில் காலை நீட்டிக்கொள்வார். வரும்போது அவருக்குப் பிரஷர் இறங்கித் தலை சுற்றும் என்பதால் நான் பின்னால் அவர் பக்கத்தில் இருப்பேன். முன்சீட் காலி. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தபோதும் முன்சீட் காலி. தம்பி தனியாகப் போனபோதும் காலி. அந்தச் சீட்டுக்குக் கீழேதான் எஞ்சின்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப கோளாறு வண்டியில இல்லக்கா, உன்கிட்டத்தான் இருக்கு" என்றான்.

ஆனாலும் இது ஊகம்தான். ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டில் மகள் பார்த்துக்கொள்ள, மாத அரிசி இரண்டு சிப்பத்தை, 25 கிலோ வீதம் 50 கிலோ, முன்சீட்டில் தூக்கி வைத்து பெல்ட்டும் போட்டோம். நான் போனும் ஸ்கேனருமாக நடுசீட்டில். கேரளாவுக்கு லாரி ஏறும் புளியரை மலை ரோட்டுக்குப் போனோம். முதல் வளைவில் ஒன்றுமில்லை. அடுத்த ஏற்றத்தில் தம்பி கியரைக் குறைக்காமல் அழுத்தினான். விக்கியது. விளக்கும் சிமிட்டியது. வாழ்க்கையில் வண்டி கெட்டதற்கு நாங்கள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

திரும்பி இறங்கி, அரிசியைக் கடைசி சீட்டுக்கு மாற்றி, அதே ஏற்றத்தில் இரண்டு தடவை ஏறினோம். வண்டியில் எடை அதேதான். வரவில்லை. மறுபடி முன்சீட்டில் வைத்து ஏறினோம். வந்தது.

மறுநாள் ஒர்க் ஷாப்புக்குப் போகாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். சின்ன வயசுக்காரர், அதிகம் பேசமாட்டார். நோட்டை முழுசாகப் படித்தார். அதுவே எனக்குப் பிடித்தது. சீட்டைத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டு, ஒரு மரக்குச்சியால் வயர் கட்டை அங்கங்கே மெதுவாக அசைத்துப் பார்த்தார். சீட் பொருந்தும் இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் குச்சி பட்டதும் எஞ்சின் விக்கியது. எடுத்தால் சரியானது. மூன்று தடவை செய்து காட்டினார்.

காயில்களுக்குப் போகும் வயர் கட்டு பிளாஸ்டிக் கிளிப்புக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். கிளிப்பே அங்கே இல்லை. எப்போதோ ஏதோ வேலைக்குக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனையோ கை பட்டிருக்கிறது, யார் என்று தேடி என்ன செய்ய. வயர் கட்டு இரும்பு விளிம்பின் மேல் கிடந்திருக்கிறது. சீட்டில் ஆள் உட்கார்ந்தால் சட்டம் அதை அழுத்திப் பிடிக்கும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் தன் ரப்பர் மவுண்டில் ஒரு பக்கமாக முறுக்கிச் சாயும். ஒரு பக்கம் பிடி, ஒரு பக்கம் இழுப்பு. டேப்பைப் பிரித்துப் பார்த்தார். மூன்றாவது காயிலுக்கு "இப்போது பொறி விடு" என்று கம்ப்யூட்டர் உத்தரவு அனுப்பும் மெல்லிய வயர். மேலுறை நைந்து, உள்ளே செம்பு இழைகளில் மூன்றே மூன்று மட்டும் பச்சை பூத்து ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்தால் பிரியும், விட்டால் ஒட்டும். ஒருவர்கூட உட்காராவிட்டால் இழுப்பு போதாது. அதனால்தான் காயிலை மாற்றினாலும் பிளக்கை மாற்றினாலும் மூன்று மூன்றாகவே நின்றது.

நைந்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புது வயர் வைத்துச் சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கும் டியூப் போட்டு, நெளி பைப்புக்குள் நுழைத்து, புதுக் கிளிப்பில் மாட்டினார். மல்டிமீட்டரை வைத்து வயரை ஆட்டிக் காட்டினார். முள் மாதிரி குதித்துக்கொண்டிருந்த எண் அசையவில்லை. மற்ற மூன்று வயரையும் கையால் தடவிப் பார்த்தார். முக்கால் மணி நேரம். 450 ரூபாய். டீ வாங்கித் தரட்டுமா என்றதற்கு, "வேண்டாம்மா, அந்த நோட்டை ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டார்.

ஏழு வாரம் ஆகிறது. இருபத்தொரு நாள் போய் வந்தாயிற்று. முன்சீட்டில் நான்தான் இருக்கிறேன். மேம்பாலத்தில் ஏறும்போது தம்பி என்னை ஒரு பார்வை பார்ப்பான், நான் சீட்டை இறுகப் பிடிப்பேன், வண்டி பாட்டுக்கு ஏறிப் போய்விடும். நோட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. பெரிய மதினிக்கு மட்டும், அவர்கள் பெயரை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் என்று வருத்தம். மதினி, உங்களால்தான் கண்டுபிடித்தோம். அடுத்த கல்யாணத்துக்கும் முன்சீட் உங்களுக்குத்தான்.

இந்த மாதிரி சீட்டுக்கடியில் எஞ்சின் உள்ள வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு தடவை சீட்டைத் தூக்கி, வயர் கட்டு கிளிப்பில் இருக்கிறதா, இரும்பில் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் என்னிடம்தான் இருக்கிறது, உள்ளூரில் வேண்டுகிறவர்கள் வந்து வாங்கிப் போகலாம். திருப்பித் தர வேண்டும். சாரிடம் பேச நினைப்பவர்கள் டயாலிசிஸ் நாளில் கூப்பிட வேண்டாம், அசதியாக இருப்பார். என்னிடம் பேச வேண்டுமானால் செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரையிலிருந்து பத்து மணிக்குள் கூப்பிடுங்கள். வராந்தாவில் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்.